பேராயர் எழும்பி நின்றார், தோணி கவிழ்ந்தது

'தோணிக்காரனின் கவனயீனத்தால் தோணி கவிழ்ந்தது.' மெதடிஸ்த பேராயரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அச்சடித்த வாழ்க்கை வரலாற்றில், இருபத்தேழாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்கள். அந்தத் தோணிக்காரன் நான். கவனயீனம் என்னுடையதல்ல. ஐம்பது வருடத்துக்கு முன் அவர் தோணியில் எழும்பி நின்றார், அதனால் கவிழ்ந்தது.

மட்டக்களப்பு வாவி பார்க்க வருபவர்களை இன்றும் செட்டிபாளையத்தில் தோணியில் ஏற்றுகிறேன். புத்தகம் வந்த பிறகு, "நீங்கதானே பேராயரக் கவிழ்த்த ஆள்?" என்று கேட்டுவிட்டு அடுத்த தோணியில் ஏறுகிறார்கள். அதனால் போன வியாழக்கிழமை அவரிடமே கேட்கப் புறப்பட்டேன்.

காலை 6.40க்கு பஸ். மட்டக்களப்பு நகருக்கு 7.30, கட்டணம் நூறு ரூபாய், சில்லறையாகக் கொடுங்கள். இடப்பக்கம் அமர்ந்தால் வாவி தெரியும். நகரில் செங்கலடி பஸ்ஸுக்கு மாறினேன். "இரியுங்க ஐயா, எடுக்கப் போறம்" என்றார் நடத்துநர். உடனே இருக்கையில் இருந்தேன். எனக்கு ஒரு தரம் சொன்னால் போதும்.

வழியில் மிச்சப் புத்தகத்தையும் வாசித்தேன். வாத்தியாரின் மகன், இருபத்தாறு வயதில் எங்கள் கரைக்குப் போதகராக வந்து, சைக்கிளில் ஊர் ஊராகத் திரிந்தார், பிறகு செங்கலடி, பிறகு கொழும்பு, கடைசியில் பேராயர். எல்லாம் சரி. வெள்ளத்தில் எல்லாச் சனத்துக்கும் ஆலயத்தைத் திறந்துவிட்டதற்கு இரண்டே வரி. தோணிக்கு முக்கால் பக்கம்!

8.25க்குச் செங்கலடிச் சந்தி. அங்கிருந்து வந்தாறுமூலைப் பக்கம் ஆட்டோவில் இரண்டு கிலோமீற்றர், இருநூறு ரூபாய்.

"ஆர் வீட்ட?"

"பேராயர் வீட்ட."

"தோணில விழுந்தவரா?"

"எழும்பினவர்" என்று திருத்தினேன்.

பேராயர் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். அவருடைய மனைவி, எங்களுக்கெல்லாம் அம்மா, தேநீர் தந்தார். நான் பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.

"நான் எழும்பயில்ல தம்பி. நீதான் கம்பப் பிழையா ஊண்டின."

"அக்கரையில, படுவான்கரையில, சனம் மாலையோட நிண்டதக் கண்டு, எழும்பிக் கையக் காட்டினீங்க ஐயா. இரியுங்க இரியுங்க எண்டு மூணு தரம் கத்தினன்."

"இவரு எங்கதான் எழும்பாம இருந்தவரு?" என்றார் அம்மா. "கூட்டத்துக்குக் கூட்டம் எழும்பி எழும்பித்தானே பேராயரானவரு!"

"நான் எழும்பவே இல்லகா!" என்று சொல்லிக்கொண்டே பேராயர் எழும்பினார். கதிரை பின்னால் சரிந்தது. தேநீர் இருபத்தேழாம் பக்கத்தில் கொட்டியது. நான் பாய்ந்து அவர் முழங்கையைப் பிடித்தேன். வாவியிலிருந்து இழுத்தெடுத்ததும் அதே முழங்கையில்தான்.

அம்மா முதலில் சிரித்தார். பிறகு பேராயரும்.

"செரி, திருத்திறன். மறுகா நீயும் ஒண்டத் திருத்தணும். விழக்குள்ள நான் 'ஐயோ அம்மா' எண்டு கத்தினனாம் எண்டு அம்பது வருசமாச் சொல்லித் திரியிறாய். நான் 'கர்த்தாவே' எண்டுதான் கத்தினன்."

"அண்டைக்கு எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேட்டிச்சி ஐயா."

"அப்ப கவனயீனம் அப்பிடியே கிடக்கட்டும்!"

ஒரு மணி நேரம் இப்படிப் போனது. மீன் குழம்போடு சோறு வந்த பிறகுதான் இருவரும் இறங்கி வந்தோம்.

இனிச் செய்ய வேண்டியவை. புத்தகக் குழு அடுத்த அச்சில் அந்த வரியை மாற்ற வேண்டும்; 'தோணிக்காரன்' என்பதையும் 'தோணிக்காரர்' ஆக்க வேண்டும். அதுவரை, கையில் உள்ள பிரதிகளில் பேராயர் பேனாவால் திருத்த வேண்டும், ஒப்புக்கொண்டிருக்கிறார். செங்கலடி போகிறவர்கள் பள்ளிக்கூடம் விடுமுன் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பிந்தினால் நின்றுகொண்டுதான் வரலாம். பஸ்ஸில் நிற்கலாம். தோணியில் ஏறுகிறவர்கள், எந்தப் பதவியில் இருந்தாலும், கரை தட்டும்வரை எழும்பாமல் இருக்க வேண்டும்.

நான் செய்ய வேண்டியது ஒன்று: பேராயர் 'ஐயோ அம்மா' என்று கத்தியதை இனி ஒருவரிடமும் சொல்லக்கூடாது. வாக்குக் கொடுத்துவிட்டேன், சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கத்தியது அதுதான்.