வாசல் நித்தியகல்யாணியும் என் மகளும்

என் இரண்டு வயது மகள் அன்று நித்தியகல்யாணிப் பூவைத் தின்றாளா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கணவரின் ஊரான உசிலம்பட்டிப் பக்கம் அது சுடுகாட்டுப் பூ, கே.கே. நகரில் நாங்கள் சாமிக்கு வைக்கிறோம். புற்றுநோய்க்கு மருந்தாகும் அதே செடி, தின்றால் விஷம் என்று படித்திருக்கிறேன். ஆடுகூடத் தொடாது.

அவள் உதட்டில் ஒட்டியிருந்த இதழைப் பார்த்துப் பதறி, "தின்னியா?" என்றேன்.

"ஆமா."

கணவர் எங்கள் வீட்டுப் பூனையைக் காட்டிக் கேட்டார்: "பூனையும் தின்னுச்சா?"

"ஆமா."

"அப்பாவும்?"

"ஆமா!"

"அப்ப பூனையவும் தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று வண்டிச் சாவியை எடுத்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். இப்போது அவள் தினமும் பூவைப் பறித்து வாயருகே வைத்துக்கொண்டு, நான் ஓடிவருகிறேனா என்று பார்க்கிறாள். செடியைப் பிடுங்கினால் பக்கத்து வீட்டு அரளிக்குப் போய்விடுவாளோ? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்களேன்.