ரெண்டு கோட்டும் சீனத்து மலையும்

கட்டைவிரலால் சுவரைத் தடவி, விரல் நுனியை வெளிச்சத்தில் பார்த்து, "பட்டி சரியா தேய்க்கல" என்றார். கண்காட்சிக்குள் நுழைந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சீனத்து ஓவியங்கள் வரிசையாகக் காத்திருக்க, மனிதர் அவற்றை மாட்டியிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்த இடத்துலயுமா?" என்று மனைவி முழங்கையால் இடித்தார்.

வீடுகளுக்கு வண்ணம் பூசுவது அவர் தொழில். தெரிந்தவர்கள் எல்லோரும் 'ரெண்டு கோட்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் ஒரு பூச்சே போதும் என்று கெஞ்சினாலும் இரண்டாவதைப் பூசாமல் ஏணியை மடக்கமாட்டார். துக்கம் கேட்கப் போன வீட்டிலும் கண் கூரை மூலைக்குத்தான் போகும். ஈரம் கசிவதைக் கண்டால் அழுகிறவர்களிடமே சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவரை மகள் இங்கே இழுத்து வந்ததற்குக் காரணம் இருந்தது. இந்த வகை ஓவியம் கற்றுக்கொள்ள அவளுக்குக் கடல் தாண்டி ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மூன்று வருடப் படிப்பு. நாளைக்குள் பதில் எழுத வேண்டும். அப்பாவோ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஒரு தடவ வந்து பாருங்கப்பா, அப்புறம் சொல்லுங்க" என்றிருந்தாள்.

பார்த்தார். ஆள் உயரத்துக்குத் தொங்கிய தாளில் கீழே ஒரு படகு, மேலே கொஞ்சம் மலை. நடுவில் ஒன்றுமே இல்லை.

"நடுவுல எப்ப போடுவாங்க?"

"முடிஞ்ச படம்ப்பா. அது மூடுபனி."

"பனிய எதால போட்டிருக்கான்?"

"போடல. அப்படியே விட்டுட்டாங்க."

விரற்கடை இடம் விட்டுப்போனதற்கெல்லாம் அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமா? இங்கே பாதித் தாளை விட்டுவிட்டுப் பனி என்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், குனிந்து பக்கவாட்டிலும் பார்த்தார். தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் அந்த வெற்றிடத்தில் அங்கங்கே குத்தியிருந்த சிவப்பு முத்திரைகள் கண்ணில் பட்டன. எண்ணினார், பதினொன்று. முகம் தெளிந்துவிட்டது. அவர் வேலை பார்க்கும் கட்டடங்களில் மேற்பார்வையாளர் வந்து பார்த்து, திருப்தியானால் சுவரோரம் சிவப்புப் பென்சிலால் குறி போட்டுவிட்டுப் போவார்.

"பதினோரு பேரு பாத்து பாஸ் பண்ணிருக்காங்க! ஒருத்தன்கூடவா கேக்கல, நடுவுல காலியா இருக்கேன்னு?"

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அது படத்த வச்சிருந்தவங்க முத்திரைப்பா. கைமாறக் கைமாற ஒவ்வொருத்தரும் குத்துவாங்க."

"படத்து மேலயேவா?" தெளிந்த முகம் மறுபடி குழம்பியது.

அவள் அடுத்த படத்துக்கு நகர்ந்ததும் மனைவி காதோரம் கேட்டார். "ஏதாவது புரிஞ்சுதா?"

"ஒரு மண்ணும் புரியல."

"அப்ப வேண்டாம்னு சொல்லிடுங்களேன்."

சொல்லிவிடலாம், எளிதுதான். உண்மையில் அவருக்குப் பயமாக இருந்தது. இதுவரை அவள் செய்த எதையும் நல்லது, கெட்டது என்று அவரால் சொல்ல முடிந்தது. இதில் ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று வருடம் கழித்து வருகிறவளிடம் என்ன பேசுவது? சாப்பிட்டியா என்று கேட்கலாம். அதற்குமேல்?

மகள் ஒரு நீளமான படத்தின் முன் நின்றிருந்தாள். படத்தை மூடிய கண்ணாடியில் மூக்கு தொடும் தூரம், இமைகூட ஆடவில்லை. ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் சும்மா இருக்கத் தெரியாத பெண் அவள். இப்படி நின்று அவர் பார்த்ததே இல்லை.

பின்னாலேயே ஒரு பெருங்கூட்டம் உள்ளே வந்தது. "நிக்காதீங்க, நகருங்க, நகருங்க" என்று காவலாளி விரட்ட, முன்னால் வந்த ஒருவரின் தோள்பை அவள் முதுகில் இடித்தது. அவள் திரும்பக்கூட இல்லை.

"நாளைக்கு என்னதான் சொல்லப் போறீங்க?" என்று மனைவி கையைப் பிடித்தார்.

கையை விடுவித்துக்கொண்டு விறுவிறுவென்று போனார். மகளுக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்து, வந்த கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இங்க பெயிண்ட் காயல. சுத்திப் போங்க."