ஈரவிதை வீட்டார்

கம்பம் பள்ளத்தாக்கில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஏதாவது ஒரு பெரிய வகையறாக்காரர் தலையில் போய் விழும். எங்கள் ஆள் தலையில் விழ வேண்டுமென்றால் குறிபார்த்துத்தான் எறிய வேண்டும். எங்களுக்கு ஈரவிதை வீட்டார் என்று பேர். இன்றைக்கு எண்ணினால் காமயகவுண்டன்பட்டியில் பதினான்கு வீடு, பழனிசெட்டிபட்டியில் இரண்டு, வருசநாட்டில் ஐந்து. அவ்வளவுதான். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அதுகூடக் கிடையாது. மொத்தமே பன்னிரண்டு வீடு, வருசநாட்டில் ஒன்றுமில்லை. வருசநாட்டில் எங்கள் பேர் முளைத்ததில் என் கைக்கும் ஒரு பங்கு உண்டு.

பேர் வந்த கதை எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குப் பால்குடி மறக்கும் முன்பே சொல்லப்பட்டுவிடும். ஆதியில் ஒருத்தி இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு, முந்தானையில் விதைக் கேழ்வரகை முடிந்துகொண்டு, பெருக்கெடுத்த சுருளியாற்றைத் தாண்டி வந்தாள். தலைக்கு மேல் போன தண்ணீரில் உயிர் தப்பியது, விதை நனைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் நல்ல மண் இருக்கிறது என்று கூட வந்தவர்கள் சொன்னார்களாம். "நனைஞ்ச வெதை நாளைக்கின்னு காத்திருக்காது" என்று அவள் ஏறிய கரையிலேயே விதைத்துவிட்டாள். மூத்தவன் வழி நாங்கள். இளையவன் ஒரு உழவு மாட்டுக்காக அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வருசநாட்டுப் பக்கம் போனவன், போனவன்தான். மாசி மாதம் ஆற்றங்கரையில் அவளுக்குக் கும்பிடு போட்டுக் கிடா வெட்டும்போது, வீட்டுக்கு ஒரு தேக்கிலையாகப் பன்னிரண்டு இலை போட்டுக் கறியைப் பங்கு வைப்பார்கள். பதின்மூன்றாவதாக ஓர் இலையில் கறி வைக்காமல் ஒரு கல் உப்பை மட்டும் வைப்பார்கள். அது இளையவன் இலை. வருஷா வருஷம் அந்த உப்பை ஆற்றில் கரைத்துவிட்டு வருவதுதான் வழக்கம்.

இனி என் பொறாமைக்கு வருகிறேன். அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, மறைத்தால் கதையே இல்லை.

என்னைப் பெற்ற மூன்றாம் மாதம் அம்மா போய்விட்டாள். அக்காதான் என்னை வளர்த்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. அவளைப் பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் "சின்னது கொஞ்சம் வளரட்டும்" என்று அப்பா திருப்பி அனுப்பினார். நான் வளர்ந்துகொண்டே இருந்தேன், அக்காவுக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது. ஊர் என்ன பேசியதோ எனக்குத் தெரியாது. எனக்கு அது வசதியாக இருந்தது. அக்கா முழுசாக என்னுடையவள்.

அந்த வருஷங்களில் மலைமேல் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் வழியாகச் சுண்ணாம்பு வண்டிகள் நாள் முழுக்கப் போகும். அப்படி ஒரு வண்டிக்காரர் தன் மகனோடும் மகளோடும் எங்கள் கிணற்றடிக்குப் பக்கத்தில் குடிசை போட்டார். தாது வருஷப் பஞ்சத்தில் மலையேறி மலையாளப் பக்கம் போய், ஏலத்தோட்டத்தில் கிடந்துவிட்டுத் திரும்பியவர்கள். நம்ம ஆட்கள்தான் என்பது பேச்சிலும் முறையிலும் தெரிந்தது. எந்த வீட்டார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மகன் வண்டி ஓட்டினான். மகளுக்கு என் வயது.

வண்டிமாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிணற்றடிக்கு வந்தவர்களோடு அந்தப் பெண்ணும் வந்தாள். வந்தவள் வாசலோடு நிற்கவில்லை, நேரே அடுப்படிக்கே வந்துவிட்டாள். தண்ணீரை வெள்ளம் என்பாள். எதற்கெடுத்தாலும் கண்ணை அகல விரித்துச் சிரிப்பாள். அக்கா அவளுக்குத் தலை வாரிப் பின்னினாள், பேன் பார்த்தாள், கருப்பட்டிப் பணியாரம் சுட்டால் முதல் ஈடு அவளுக்கு. அவள் அண்ணனுக்கும் நாலு கட்டிக் கொடுத்தனுப்பினாள். எனக்கு ஓரம் கருகியது வந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நான் பெரியம்மாவிடம் போய் முறையிட்டேன். "ஊரார் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளருமாம். போடி" என்றாள். தானாக வளர்ந்துகொண்டிருந்த பிள்ளை நான்தான் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. அந்தப் பெண் இல்லாத நேரத்திலும் அக்கா அவர்கள் வீட்டுப் பேச்சையே பேசினாள். மாடு எத்தனை பல், வண்டி எப்போது திரும்பும், மலைப்பாதையில் எத்தனை வளைவு. அந்தச் சின்னக் குரங்கு சொக்குப்பொடி போட்டுவிட்டது என்றே நான் முடிவு செய்தேன்.

தை பிறந்ததும் ஒருநாள் அப்பா வண்டிக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டார். அப்பா அப்படிச் சும்மா யாரையும் கூப்பிடுகிறவர் இல்லை. அக்கா அன்றைக்கு மூன்று குழம்பு வைத்தாள். பாதிச் சாப்பாட்டில் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க எந்த வீட்டாருன்னு சொல்லவே இல்லையே?"

"என்னத்தச் சொல்ல. எங்கய்யா ஈரவெதைன்னு சொல்லுவாக. வருசநாட்டுல இருந்த பேராம். இப்ப அங்கன கேட்டா யாருக்கும் தெரியல."

அப்பா எச்சில் கையோடு எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். அடுப்படியில் அக்கா அகப்பையைக் கீழே போட்டாள். அவள் கைதவறி எதையும் போட்டு நான் பார்த்ததில்லை. தொலைந்துபோன இளையவன் வழி கிடைத்துவிட்டது என்று பெரியப்பா வீட்டுக்கு ஆள் ஓடியது. அந்தச் சந்தடியில் அக்கா மட்டும், "ஒரே பேரு ரெண்டு எடத்துல இருக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டாள். அப்பா சிரித்தார். இந்தப் பேரை இரவல் வாங்கக்கூட ஆள் கிடையாது என்றார்.

ஒரே பேர் என்றால் பங்காளி, பங்காளி வீட்டில் பெண் கொடுப்பதும் இல்லை எடுப்பதும் இல்லை. இது எனக்கும் தெரியும். வாய்ப்பாடு தெரிகிற மாதிரித் தெரியும். எங்கே போட்டுக் கணக்குப் பார்ப்பது என்பதுதான் தெரியாது.

ஆனால் அப்பா ஒருவர் கட்டிக்கொண்டால் போதாது. ஆற்றைத் தாண்டி வந்த ஆத்தா சம்மதிக்க வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. பேர் சொல்லி வந்தவர் மாசிக் கும்பிடு அன்று காலையில் ஒரு மொச்சைக்கொட்டையைச் சாமி முன்னால் ஆற்றுத் தண்ணீர்ச் செம்பில் போட வேண்டும். பொழுது சாய எடுத்துப் பார்க்கும்போது விதை ஊறியிருந்தால் அவர் ஈரவிதை வீட்டார். கல்லாகவே கிடந்தால், அல்லது காணாமல் போயிருந்தால், அவர் யாரோ. மொச்சையைத் தண்ணீரில் போட்டால் ஊறாமல் என்ன செய்யும் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. எங்கள் முன்னோர் சொந்தத்தைச் சேர்த்துக்கொள்ளத்தான் வழி பார்த்திருக்கிறார்கள், தள்ளுவதற்கு இல்லை. செம்புக்குக் காவல் எங்கள் பேருள்ள வயதுக்கு வராத பெண்பிள்ளை. அந்த வருஷம் நான்.

அதுவரை என் வாழ்வில் அவ்வளவு பெரிய பதவி வந்ததில்லை. புதுப்பாவாடை கட்டி, செம்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்த்தினார்கள். வண்டிக்காரர் ஒரு மொச்சையைப் போட்டார். பெரியப்பா செம்பைத் தேக்கிலையால் மூடினார். மூடிவிட்டு அந்தப் பெண்ணின் தலையைத் தடவி, "அடுத்த வருசம் நீயும் இங்கன ஒக்காரலாம் ஆத்தா" என்றார்.

அக்கா போனாள், பணியாரம் போயிற்று, இப்போது இந்தப் பலகையும் பாதி போகப் போகிறது. உச்சிவெயிலில் ஆண்கள் கிடாவோடு ஆற்றுக்கு இறங்கினார்கள், பெண்கள் பொங்கல் அடுப்பில் புகையோடு மல்லுக்கட்டினார்கள். நான் இலையைத் தூக்கி, கையை விட்டு, விதையை எடுத்து மூடிக்கொண்டேன். சாமி கண்ணைக் குத்தும் என்று ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன், இன்னொன்றாவது மிஞ்சட்டும் என்று.

கண்ணைத் திறந்தால் எதிரே அக்கா. கையில் எனக்குப் பானகம். முழங்கை வரை ஈரமாக இருந்த என் கையைப் பார்த்தாள். செம்புக்குள் எட்டிப் பார்த்தாள். அடி விழப் போகிறது என்று முதுகைக் கொடுத்தேன். அடி விழவில்லை. அவள் மெல்ல உட்கார்ந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக இன்னும் இறுக்கி மூடினாள்.

"கையத் தெறக்காத. யாரு கேட்டாலும் தெறக்காத, என்ன?"

மூடிய கைக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். இத்தனை மாதம் கழித்து அக்கா என் பக்கம் வந்துவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பானகத்தை இடது கையால் குடித்தேன். மத்தியானம் முழுக்க அந்தக் கையைத் திறக்கவே இல்லை. ஈ உட்கார்ந்தபோதுகூடத் திறக்கவில்லை.

பொழுது சாய்ந்தது. பன்னிரண்டு இலையில் கறி வைத்தாயிற்று. பதின்மூன்றாவது இலையில் உப்பு கூட வைக்கவில்லை, கறி வைக்கத் தயாராகப் பெரியப்பா காத்திருந்தார். செம்பைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் வந்தது, வேறொன்றும் வரவில்லை. வண்டிக்காரர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆத்தாவுக்கு மனசில்ல போலருக்கு. நாங்க வாறோம்" என்று நகர்ந்தார். அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் ஓவென்று அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். குளிர்ந்தது.

அக்கா ஓடிப்போய் அந்தப் பெண்ணை வாரி எடுத்தாள். அவள் முகம் அப்படி ஒளிவிட்டு நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "அழாதடி, அழாதடி தங்கம். பேரு போனா என்ன, நான் இருக்கேன்ல ஒனக்கு" என்று சொல்லிக்கொண்டே தன் கழுத்திலிருந்த கருகமணியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள்.

அது அம்மாவின் கருகமணி. நான் பெரியவளானதும் எனக்கென்று சொல்லி வைத்திருந்தது.

அப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை. கும்பலை இடித்துக்கொண்டு நடுவில் போய்க் கையை விரித்தேன். "வெதை இங்கன இருக்கு! நாந்தான் எடுத்தேன்! அக்காதான் தெறக்காதன்னுச்சு!"

கடைசி வாக்கியத்தை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் என் உள்ளங்கையைப் பார்த்தார்கள். வியர்வையிலும் தண்ணீரிலும் கிடந்து மொச்சை ஊதிப்போய், தோல் வெடித்திருந்தது. பெரியப்பா அதை எடுத்து உயர்த்திக் காட்டினார். "செம்புல ஊறுனா என்ன, நம்ம புள்ள கையில ஊறுனா என்ன? ஆத்தாதான் புள்ள கையில வாங்கி வச்சிருக்கா!" குலவைச் சத்தம் ஆற்றின் அக்கரை வரை போயிற்று. அப்பா என்னை ஓர் அறை அறைந்து, அதே கையால் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பதின்மூன்றாவது இலையில் கறி விழுந்தது. "வருசநாடு, ஒரு பங்கு" என்று பெரியப்பா கூவினார். அப்பா அழுதார், வண்டிக்காரர் அழுதார். தோள் மேலிருந்து பார்த்தேன். அக்காவும் அழுதாள். பேர் சேர்ந்த சந்தோஷம் எல்லோருக்கும் இருந்ததே, அவளுக்கும் இருக்காதா என்று நினைத்தேன்.

பேர் சேர்ந்தால் அன்றே முறை செய்ய வேண்டும். அண்ணன் முறைக்காரன் தங்கைக்குப் பூ கொடுக்க வேண்டும். வண்டிக்காரரின் மகனைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அவன் நாலு முழம் பூவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அக்கா முன்னால் வெகுநேரம் நின்றான். "கூப்பிட்டுக் குடுடா" என்று யாரோ அதட்டினார்கள். "தங்கச்சி" என்றான். மண்ணைப் பார்த்துத்தான் சொன்னான்.

அக்கா வாங்கிக்கொண்டாள். தலையில் வைத்துக்கொள்ளவில்லை. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "தெறந்துட்டியே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அந்த நாலு முழத்தையும் என் சடையில் சுற்றி வைத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு கிள்ளுகூடக் கொடுக்கவில்லை.

அந்த வைகாசியிலேயே அக்காவைச் சின்னமனூர்ப் பக்கம் இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். மாசிக் கும்பிடுக்கு மட்டும் வருவாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இலை கிடையாது, ஓரமாக நிற்பாள். வருசநாட்டுக்கே போய்க் குடியேறிவிட்ட வண்டிக்கார அண்ணன் வழக்கம் தவறாமல் பூ கொண்டுவந்து கொடுப்பார். அவள் அதை வாங்கி, வழக்கம் தவறாமல் என் தலையில் வைத்துவிடுவாள். நானும் வருஷா வருஷம் குனிந்து காட்டினேன்.

அதெல்லாம் பின்னால். அன்றைக்கு, மலைக்காரிக்குக் கிடைக்காத பூ எனக்குக் கிடைத்துவிட்டது என்று, ஆற்றங்கரையிலிருந்து வீடு வரை சடையை முன்னால் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று காட்டிவிட்டுத்தான் போனேன்.