பிராங்க்பர்ட்டில் எனக்கு மட்டும் ஒரு பகல்

என் கணவரை அயல்நாட்டு விமான நிலையத்தில், காலை முதல் பொழுது சாயும் வரை, பெட்டிகளுக்குக் காவலாக உட்கார வைத்துவிட்டு நான் ஊர் சுற்றப் போனேன். அதற்காக அவரிடம் பொய் சொன்னேன்.

அவர் அங்கே உட்கார்ந்திருக்கத் தேவையே இல்லை... அதுதான் என் குற்றம்! பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளும் அறை ஒன்று அதே கட்டடத்தில், ஒரு மாடி கீழே இருந்தது. அதைக் காட்டும் பலகையை நான் படித்தேன். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு வரும். படித்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் அவசரப்பட்டு எனக்குப் பரிந்து பேச வந்துவிடாதீர்கள். குடிகாரர், கைநீட்டுகிறவர், சந்தேகப் பிராணி என்றெல்லாம் அவரைக் கற்பனை செய்துகொள்ளவும் வேண்டாம். சூசை தங்கமான மனிதர். கொஞ்சமாவது கெட்டவராக இருந்திருந்தால், நான் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்?

எங்களுக்குத் திருப்பூர் மண்ணரையில் பனியன் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, சில தையல் மெஷின்கள், தைப்பதெல்லாம் குழந்தைகளுக்கான டி-சர்ட். துணியும் ஷிப்மென்ட்டும் அவர் பொறுப்பு. சாம்பிள், அளவு, சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையரோடு பேச்சு எல்லாம் என் பொறுப்பு.

கொமரலிங்கத்தில் பிறந்து, உடுமலையில் பி.யூ.சி. படித்து, அங்கிருந்து நேராக இந்த வீட்டுக்கு வந்தவள் நான். அங்கே அப்பா துணைக்கு வந்தார், இங்கே இவர் வந்தார். மாதா கோவிலுக்குக்கூட நான் தனியாகப் போனது கிடையாது. போகாதே என்று யாரும் தடுத்ததில்லை... யாராவது கூடவே கிளம்பிவிடுவார்கள், அவ்வளவுதான்!

சூசைக்கு ஒரு குணம். சரக்கை விட்டு நகரமாட்டார். தூத்துக்குடிக்கு லாரி போனால் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவார். அட்டைப்பெட்டிகள் துறைமுகத்துக்குள் போகிற வரை வாசலிலேயே நிற்பார். ஆள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், சரக்கு தன்னுடையது என்பார். எங்கள் தொழில் நிலைத்தது இந்தக் குணத்தால்தான். அதையே பிடித்துத்தான் நான் அவரை அங்கே கட்டிப் போட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பையர், ஜெர்மனிக்காரர், அடுத்த சீசன் சாம்பிள்களோடு நேரில் வரச் சொன்னார். "நீயும் வா புள்ள. அவன் பேசறதும் எனக்குப் புரியாது, அந்த ஊரு ரயிலும் புரியாது" என்றார் சூசை. பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, கனமான பெட்டிகளும் புளிச்சோற்றுப் பொட்டலங்களுமாகப் பிராங்க்பர்ட் போய் இறங்கினோம்.

தங்கிய விடுதியில் ஒரு ரயில் படம் கொடுத்தார்கள். அதைப் பார்த்த கணத்தில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது! ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம். நூல் கோன்களைப் பிரித்துப் பரப்பியது போலிருந்தது. நிறங்களோடு பிழைக்கிறவளுக்கு அது ஒரு வித்தையா? எந்த ரயில், எந்த மேடை, எங்கே இறங்கி டிராம் பிடிப்பது... இரண்டாம் நாளே எல்லாம் மனப்பாடம். சீட்டு மெஷினைக்கூட எனக்குப் பணிய வைத்துவிட்டேன். சூசையோ ஏறியதும் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வார். "சரியான ரயிலுதானா புள்ள?" இறங்கும் வரை இதே கேள்வி.

அவருக்கு அந்த ஊரில் ஒரே ஒரு ஆசை இருந்தது. பல வருஷ ஆசை. "நம்ம சரக்கு ஒரு கடையில தொங்கறத ஒருக்காக் கண்ணுல பாத்துப்போடோணும்." எத்தனையோ சீசனாகத் தைத்து அனுப்புகிறோம். அது எங்கே போகிறது, யார் போட்டுக்கொள்கிறார்கள், ஒன்றும் தெரியாது. கடல் தாண்டிப் போன பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல அவர் அதைப் பற்றிப் பேசுவார்.

தினமும் பையர் ஆபீசில் வேலை முடிந்து வெளியே வந்தால், அங்கே கடைகளை அடைத்திருப்பார்கள். மிச்சமிருந்தது கடைசி நாள். இரவுதான் விமானம். காலையில் கடைவீதி, மத்தியானம் விமான நிலையத்துக்கு ரயில் என்று நான் அழகாகத் திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

விடிந்ததும் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "வெடியாலயே போயி ஏர்ப்போர்ட்டுல உக்காந்துக்கலாம் புள்ள. ரயிலு நின்னு போச்சுன்னா? பல்லடம் பஸ்ஸா இது, கையக் காட்டுனா நிக்கறதுக்கு?"

"அப்பக் கடைங்க?"

"அது எங்க போகுது? அடுத்த தடவ பாத்துக்கலாம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் ஆசை போனதே என்றா? இல்லை. என் திட்டம் போனதே என்று! முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கிளம்பினேன்.

விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போடுகிற இடம் மாலையில்தான் திறக்கும் என்றார்கள். பெட்டிகளைச் சுற்றி வைத்து நடுவில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து நான் கை கழுவப் போனேன். அப்போதுதான் அந்தப் பலகையைப் பார்த்தேன். பெட்டிப் படம், கீழ்நோக்கி ஓர் அம்பு, ஆங்கிலத்தில் விளக்கம். நம்புவீர்களோ இல்லையோ, அவரிடம் சொல்லத்தான் ஓடிவந்தேன். அந்த ஓட்டம் உண்மை...

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "இந்தப் பொட்டிக மட்டும் இல்லீன்னா அந்தக் கடைவீதிய ஒரு எட்டுப் பாத்துப்போட்டு வந்திருக்கலாம் புள்ள. எங்கீன்னு வெக்கறது இதுகள?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வாக்கியம். சொல்லியிருந்தால் இருவரும் போயிருப்போம். என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவரும் வந்திருப்பார்... சரியான ரயிலா, சரியான டிராமா என்று கேட்டுக்கொண்டே வந்திருப்பார்... கடையைப் பார்த்த மறுநிமிஷம் திரும்பிவிடலாம் என்றிருப்பார்...

"பையர் ஆபீசுக்குப் போன் பண்ணுனனுங்க" என்றேன். "ஒரு சாம்பிள்ல கழுத்தளவு சந்தேகமாம். என்னைய வந்து பாத்துட்டுப் போகச் சொல்றாங்க."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? இன்றுவரை எனக்குத் தெரியாது. யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் தடுமாறவும் இல்லை!

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஆர்டருக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"நேர்ல போனாச் சரி பண்ணிரலாமுங்க."

"நானும் வர்றன்" என்று எழுந்தார். பெட்டிகளைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்தார். "சரக்க உட்டுப்போட்டு ரண்டு பேருமு போகப்படாது. நீ போ. நேத்துப் போன அதே ரயிலுதான? பதனமாப் போயிட்டு வா கண்ணு."

போனேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரயில் புறப்பட்டதும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எதிரே இருந்த பெரியவர் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். எங்கே இறங்கலாம்? எங்கே வேண்டுமானாலும்! டிராமில் ஏறினேன், பிடித்த இடத்தில் இறங்கினேன், அடுத்ததில் ஏறினேன். தவறான டிராம் ஒன்றில் ஏறி, தெரிந்தும் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போனேன். ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்று, படகுகள் அடியில் நுழைந்து மறுபக்கம் வருவதைப் பார்த்தேன். பட்டுச் சேலையும் ஸ்வெட்டரும் கான்வாஸ் செருப்புமாகப் பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு ஆயிற்றா, டெய்லர் வந்தானா, பட்டன் எங்கே... ஒன்றும் இல்லை!

என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் இருந்ததில்லை. கல்யாணத்தன்றும் இல்லை. சொல்லக் கூடாதுதான், சொல்லிவிட்டேன்.

அவர் நினைவே எனக்கு வரவில்லை. உச்சி வெயில் தாண்டிய பிறகும் வரவில்லை. ஒரு கடை வாசலில் போய் நிற்கிற வரை வரவில்லை.

கடையை நான் தேடிப் போகவில்லை, சத்தியமாக! சும்மா ஒரு தெருவில் நடந்துகொண்டிருந்தேன். குழந்தைகள் உடுப்புக் கடை ஒன்று. வாசலிலேயே ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது... மஞ்சளும் கருநீலமும் கலந்த பட்டை, தோளில் இரண்டு பட்டன். போன சீசனில் நாங்கள் தைத்தது! உள்ளே திருப்பித் தையலைப் பார்த்தேன். எங்கள் டெய்லரின் கை எனக்குத் தெரியாதா? கழுத்தில் வேறு பெயர் இருந்தால் என்ன, அது எங்கள் கொட்டகையில் பிறந்ததுதான். ஒரு தாய் அதில் ஒன்றை எடுத்துத் தன் குழந்தையின் மார்பில் வைத்துப் பார்த்தாள். குழந்தை அதை இழுத்துக் கட்டிக்கொண்டது.

"ஏனுங்க, பாத்தீங்களா!" என்று வாய்விட்டே சொல்லி, பக்கத்தில் திரும்பினேன்.

யாரும் இல்லை.

அப்போதும் நேரம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். போய் அழைத்துக்கொண்டு, பெட்டிகளை அந்த அறையில் போட்டுவிட்டு, திரும்ப வந்து, பார்த்து, மறுபடி போக... ரயிலும் டிராமும் மனத்திலேயே கூட்டிப் பார்த்தேன். தாராளமாக முடியும். ஆனால் அந்த அறையைப் பற்றி இப்போது எப்படிச் சொல்வது? காலையில் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கக்கூட மாட்டார். கேட்காமல் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் மறுபடி பாலத்துப் பக்கம் போகிற டிராமில் ஏறினேன். ஏறியபின் கொஞ்ச நேரத்தில் பழையபடி சந்தோஷமாகிவிட்டேன்! என்னவென்று சொல்வது என்னை?

மாலையில் திரும்பினேன். பெட்டிகளின் நடுவில், ஒன்றின் மேல் காலும் ஒன்றின் மேல் கையுமாக, நான் விட்டுப்போன அதே இடத்தில் இருந்தார். மிச்சமிருந்த புளிச்சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. ஏனுங்க, சோறு உங்கவே இல்லையாங்க?"

"நீ வருட்டும்னுதான். பொட்டியப் பாத்துக்க புள்ள" என்று சொல்லிக்கொண்டே கழிப்பறைப் பக்கம் ஓடினார். ஓடினார் என்றால் உண்மையாகவே ஓடினார். அந்தப் பகல் முழுக்க மனிதர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்!

திரும்பி வந்து, புளிச்சோற்றைத் தின்றுகொண்டே, எத்தனை தினுசு விமானங்கள் வந்தன, எந்தெந்த நாட்டுக்காரர்கள் போனார்கள் என்று உற்சாகமாகச் சொன்னார். கடையைப் பார்த்ததைச் சொல்ல நெஞ்சு துடித்தது. வழியில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பையர் ஆபீஸ் போகிற பாதையில் கடைகளே கிடையாது, அது அவருக்கும் தெரியும். விழுங்கிவிட்டேன்.

அடுத்த தடவை என்பது வரவே இல்லை. தொழில் வளர்ந்தது, பையர்கள் திருப்பூருக்கே வர ஆரம்பித்தார்கள். நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், அவரும் திடமாக இருக்கிறார், சாயங்காலம் இருவரும் சேர்ந்துதான் காப்பி குடிக்கிறோம். ஒரு குறையும் இல்லை.

நான் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள். பிள்ளைகளை அடித்தது, நாத்தனாரைப் பழித்தது எல்லாவற்றையும் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. சொன்னால் மனஸ்தாபப்பட வேண்டும், செய்ததற்கு மனம் வருந்த வேண்டும். அவரிடம் சொன்ன பொய்க்கு மனஸ்தாபம் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அந்தப் பகலுக்கு? அதைத் திருப்பிக் கொடு என்று ஆண்டவர் கேட்டால் கொடுப்பேனா? கொடுக்க மாட்டேன்... ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. எந்தச் சாமியார் மன்னிப்பார்?

சூசை அந்தக் கதையை விசேஷ வீடுகளிலெல்லாம் சொல்வார். போன மாதம் ஒரு ஞானஸ்நான விருந்திலும் ஆரம்பித்துவிட்டார். "அன்னைக்கு இவ தனியாப் போயிக் கழுத்தளவச் சரி பண்ணலீன்னா ஆர்டரே போயிருக்குமுங்க. எங்க கம்பெனி நிக்கறதே இவளாலதான்!"

கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், "அப்ப நீங்க அந்த ஊரையே பாக்கலீங்களா?" என்றார்.

"நான் பாக்காட்டிப் போகுதுங்க" என்றார் சூசை. "எனக்கு ஏர்ப்போர்ட்டே ஒரு ஊராட்டத்தான் இருந்துது. இவளுக்குத்தான் பாவம்... அத்தன ஆசையா ரயில் படமெல்லாம் படிச்சு வெச்சிருந்தா. கடைசீல ஆபீசுக்குள்ளயே பொழுது போயிருச்சு. அத நெனச்சா எனக்கு இன்னைக்கும் வருத்தந்தானுங்க. இல்லியா புள்ள?"

"ஆமாங்க" என்றேன்.