சாமி அறையில் நூற்றுப்பதினாறு பேர்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மற்ற வீடுகளில் சோபா உறையை மாற்றுவார்கள், பலகாரம் செய்வார்கள். மலேசியாவில், பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் வீட்டில் அதையெல்லாம் செய்து முடித்துவிட்டு, என் பொம்மைகளையும் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது.

பொம்மை என்றால் கடையில் கூடையில் குவித்து வைத்திருப்பார்களே, அது இல்லை. காமிக்ஸிலும் படத்திலும் வருகிற சூப்பர் ஹீரோக்கள். ஒரு சாண் உயரம் இருப்பார்கள். கழுத்து திரும்பும், முழங்கை மடங்கும், மணிக்கட்டு கூடச் சுழலும். முகமூடி போட்டவர்கள், இறக்கை வைத்தவர்கள், கவசக்காரர்கள் என்று மொத்தம் நூற்றுப்பதினாறு பேர். வீட்டில் எல்லோரும் பொம்மை என்றுதான் சொல்வார்கள். ஆரம்பத்தில் சண்டை போட்டேன். பிறகு எனக்கே வாய் வலித்து நானும் பொம்மை என்றே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

எனக்குப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. அச்சிலிருந்து வருகிற மூடிகளையும் கைப்பிடிகளையும் வெளிச்சத்தில் பிடித்து, எங்கே பிசிறு, எங்கே கீறல் என்று பார்த்துப் பார்த்து ஒதுக்க வேண்டும். பதினைந்து வருடம் இதையே செய்தால் கண் கெட்டுப்போய்விடும். நல்லது எதுவும் கண்ணில் படாது, குறை மட்டும்தான் படும். ஒருநாள் ஜொகூர் பாருவில் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, பக்கத்துக் கடைக் கண்ணாடிக்குள் ஒரு பெண் நாயகி நின்றிருந்தாள். அவளுடைய இரண்டு முட்டியிலும் லேசாக மண் நிறம் பூசியிருந்தார்கள். விழுந்து எழுந்த முட்டி. அதை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தும் யாரோ ஒருத்தர் மெனக்கெட்டுப் பூசியிருக்கிறார். அப்படியே அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அன்றைக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததோடு ஆரம்பித்தது, பன்னிரண்டு வருடத்தில் ஐந்தடுக்குக் கண்ணாடி அலமாரியாக வளர்ந்துவிட்டது.

பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் அந்த ஜாதி இல்லை. பிரித்து எடுத்து, முகத்தூள் பூசுகிற பிரஷ்ஷால் தூசி தட்டி, கையைக் காலை மடக்கி நிற்க வைத்தால்தான் எனக்குத் திருப்தி. ஜொகூர் வெக்கையில் பிளாஸ்டிக் பிசுபிசுத்துப் போகும். அதற்காகத் தட்டுக்குத் தட்டு ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டிருப்பேன். இதையெல்லாம் அண்ணி பார்த்துவிட்டு, “எனக்கு ஒரு நாத்தனார், நூத்திப் பதினாறு ஓரகத்தி” என்பார். என்ன கணக்கோ அது!

அம்மா அப்பா போனபிறகு அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணன் தொழிற்சாலைப் பஸ் ஓட்டுகிறவர். ஆறடி, முரட்டு மீசை, யாரிடமும் அதிகம் பேச மாட்டார். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நான் கத்தினால் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார். என் பொம்மைகளைப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து, “இவங்க எல்லாம் ஏன் லா ஜட்டியை வெளிய போட்டிருக்காங்க?” என்பதுதான். அதற்கு நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அதற்கு முன் இரண்டு வீட்டார் வந்து போயிருந்தார்கள். முதல் வீட்டம்மா அலமாரியைப் பார்த்து, “வீட்டுல சின்னப் பிள்ளைங்க இல்லேன்னு சொன்னீங்களே?” என்று கேட்டார். என்னுடையது என்றதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார். இரண்டாவது முறை, அண்ணி எல்லாவற்றையும் என் படுக்கையறையில் போட்டுப் பூட்டினார். வந்த அம்மா சும்மா இருந்தாரா? வீட்டைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று ஸ்டோர் வரைக்கும் போய், என் அறைச் சாவியையும் கேட்டு வாங்கிவிட்டார். இரண்டு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை.

மூன்றாவது, கெலாங் பாத்தா ஊர் மாப்பிள்ளை. நாற்பத்தொரு வயது, சிங்கப்பூரில் கிடங்கு வேலை, தினமும் எல்லை தாண்டிப் போய் வருகிறவர். பார்ப்பதற்கு முன்பே மூன்று முறை போனில் பேசினோம். நல்ல சிரிப்பு. நான் தொழிற்சாலைச் சூப்பர்வைசரைத் திட்டிய கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். என் வாய்க்குச் சிரித்த முதல் ஆம்பளை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? இவரை விட்டுவிடக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. அதனால்தான், “பொம்மையப் பத்தி மூச்சு விடாத பாப்பா, கல்யாணம் முடிஞ்சு மெதுவா சொல்லிக்கலாம்” என்று அண்ணி சொன்னபோது, வழக்கமாகச் சண்டைக்குப் போகிற நான் தலையை ஆட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கே ஒளிப்பது என்பதுதான் பிரச்சினை. படுக்கையறை ஆகாது, ஸ்டோர் ஆகாது. அண்ணிதான் யோசனை சொன்னார்.

“சாமி ரூம்ல வெச்சிடலாம். எவ்ளோ துருவுற ஆளா இருந்தாலும் அடுத்த வீட்டு சாமி ரூம் திரையை இழுத்துப் பார்ப்பாங்களா?”

சமையலறையை ஒட்டி எங்களுக்கு ஒரு சின்னச் சாமி அறை. மேடை, குத்துவிளக்கு, வாசலில் மஞ்சள் திரை. அண்ணி முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “மன்னிச்சிக்கோ முருகா, ஒரு மணி நேரந்தான்” என்றார். அண்ணன் குளித்துவிட்டு, செருப்பில்லாமல், நாலு நாலாக எடுத்துப்போய் வைத்தார். படுக்கப்போட்டால் பெயிண்ட் உரசும் என்று நான் நூறு தடவை சொல்லியிருந்ததால், பாவம், ஒவ்வொருவரையும் நிற்க வைத்திருக்கிறார். அதுவும் சாமியைப் பார்த்தபடி.

நாங்கள் மறந்துபோனது ஒன்றே ஒன்று. முன்பு வந்த இரண்டு வீட்டாரும் கொண்டுவந்த வெற்றிலை பாக்குத் தட்டை அண்ணி கையில் கொடுத்தார்கள். அண்ணிதான் உள்ளே கொண்டுபோய்ச் சாமியிடம் வைத்தார். எல்லோரும் அப்படித்தான் கொடுப்பார்கள் என்று நினைத்துவிட்டோம். மாப்பிள்ளையின் அம்மா நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். அண்ணி கையை நீட்டினார். அவர் தட்டைக் கொடுக்கவில்லை.

“இருக்கட்டும்மா, நானே சாமிகிட்ட வெச்சிக் கும்பிட்டுக்கிறேன். அப்புறம் பேசலாம். சாமி ரூம் இந்தப் பக்கமா?”

அண்ணி ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வார்? சாமி கும்பிட வேண்டாம் என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? அந்த அம்மா நடக்க, பின்னாலேயே மாப்பிள்ளையும் அவருடைய மாமாவும் நடக்க, நான் காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றேன். திரை விலகியது.

சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நூற்றுப்பதினாறு பேரும் தைப்பூசக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு முருகனைப் பார்த்து நின்றார்கள். தட்டை வைக்க இடமில்லை, கால் வைக்கவும் இடமில்லை.

“அலமாக்!” என்று வாயைப் பிளந்தார் மாமா.

“யாரோடதும்மா இதெல்லாம்?” என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அண்ணி திரையின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அப்போது பின்னாலிருந்து அண்ணன் முன்னே வந்தார்.

“என்னோடதுங்க.”

எல்லோரும் திரும்பினோம்.

“சின்ன வயசுலேர்ந்து ஒரு இது... பைத்தியம்னு வெச்சிக்குங்களேன்.”

மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இந்த மீசைக்கு இந்தப் பொம்மையா! பஸ்ல ஏத்திக்கிட்டும் போவீங்களா?” என்றார். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு தலையைக் குனிந்தபடி நின்றார். ஜட்டிக் கேள்வி கேட்ட அந்த மனுஷன், அத்தனை பேர் கிண்டலையும் எனக்காக வாங்கிக்கொண்டு நின்றார். நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் வாயை மூடக் கூடாத நேரத்தில் மூடியது அந்த ஒரு நிமிடந்தான். கெலாங் பாத்தா சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இறக்கை வைத்த ஒருவனை எடுத்தார். “நல்லா செஞ்சிருக்காங்க. இதோட கை எத்தனை இடத்துல மடங்கும் அண்ணே?” என்று அக்கறையாகக் கேட்டார்.

அண்ணன் அவனை வாங்கினார். பஸ் ஸ்டீயரிங் பிடிக்கிற கை. “இங்க... இப்படி...” என்று முழங்கையைப் பின்பக்கமாக வளைக்கப் போனார். மூட்டு கிறீச்சென்று முனகியது.

“ஐயோ, அந்தப் பக்கம் மடக்காதீங்கண்ணே, உடைஞ்சிடும்! எத்தனை தடவை சொல்றது!”

நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். காப்பி தட்டில் கொட்டிவிட்டது. அதற்கு மேல் எதை மறைப்பது?

“அண்ணனோடது இல்ல,” என்றேன். “எல்லாம் என்னோடது. நான்தான் ஒளிச்சி வெக்கச் சொன்னேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. எரிகிற விளக்கைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டுபோய்க் கூடத்து மேசைமேல் வைத்தார். பிறகு உளுந்து வடை சாப்பிட்டார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள்.

மூன்று நாள் கழித்து, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த அத்தை போன் செய்தார். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

“பொம்மையில அவங்களுக்கு ஒண்ணும் இல்லயாம். அது அந்தப் பொண்ணோட ஆசை, வெச்சிக்கட்டும்னாங்க. ஆனா வெளக்கு எரியுது, சாமி பாத்துக்கிட்டு இருக்கு, அங்க நின்னுக்கிட்டு அந்த அண்ணன் பொய் சொன்னாரே, அந்த எடத்துல சம்பந்தம் வேணாம்னுட்டாங்க.”

மாப்பிள்ளையிடமிருந்து எனக்கு ஒரே ஒரு செய்தி வந்தது. மன்னிக்கணும், அம்மா பேச்சைத் தாண்ட முடியவில்லை, அவ்வளவுதான். தொழிற்சாலைக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பொம்மைக்காக வேண்டாம் என்றிருந்தால் போடா என்று சொல்லியிருப்பேன். அவர்களுக்கு என் பொம்மை பரவாயில்லையாம், என் அண்ணன்தான் வேண்டாமாம். இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் சாமி அறைக்குள் வரவில்லை. வெளியிலிருந்தே விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டார். சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டார். டிவியையும் போடவில்லை. நான் வேண்டுமென்றே இரண்டு தடவை கத்திப் பார்த்தேன். கத்துவதற்கு அந்த வீட்டில் ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை துணி காயப்போட வெளியே வந்தேன். அண்ணன் கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

“எங்கண்ணே?”

“கெலாங் பாத்தாவுக்கு.”

“எதுக்கு?”

“அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுறேன் பாப்பா. தப்பு என்னோடது. உன் மேல ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டேன்னா... கால்ல விழணும்னாலும் விழுந்துடுறேன்.”

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. வாளியைக் கீழே போட்டேன்.

“நீங்க ஏன் விழணும்? ஒளிச்சி வெச்சது நான். வாயை மூடிக்கிட்டு நின்னது நான். உங்களை ஆளாளுக்குக் கிண்டல் பண்ணப்போ பாத்துக்கிட்டு நின்னவ நான். பழத்தை உள்ள வைங்க.”

“சாமி முன்னாடி லா...”

“தப்புதான். யாரு இல்லேன்னா?” என்றேன். “ஆனா எனக்காக அங்க ஒரு வார்த்தை பேசுனது நீங்க ஒருத்தர்தாண்ணே. அவரு பேசுனாரா? அந்த வீட்டுக்கு நான் போயிருந்தா எனக்காகப் பொய் சொல்ல அங்க யாரு இருக்கா?”

அண்ணன் ரொம்பச் சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

“போயிருந்தா, அங்கயும் வந்து சொல்லியிருப்பேன் லா.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்க்க, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.