கற்பூரம் காட்டிய பை

வீட்டிலேயே கேக் செய்து விற்கப்போவதாக அண்ணி ஓவன் வாங்கியபோது, தறிக்கூடத்து மூலையில் அதற்கு இடம் கொடுத்த அண்ணன் ஒரு நிபந்தனையும் வைத்தார். பொங்கலுக்குள் ஓர் ஆர்டராவது வராவிட்டால் ஓவனை விற்றுவிட வேண்டும்.

அகப்பட்டவர் ஒரே ஒருவர்தான். பட்டுக்கடை முதலாளியின் மனைவி. மகள் நிச்சயதார்த்தத்துக்கு இனிப்பு தேடிக்கொண்டிருந்தார். எப்போதோ லண்டனில் ஒரு வாரம் இருந்தவர், இன்னும் அங்கிருந்து முழுதாகத் திரும்பவில்லை. அங்கே சாப்பிட்ட 'பனாஃபி பை'யை அதே ருசியில் செய்து காட்டினால் ஆர்டர் உறுதி என்று சொல்லியிருந்தார்.

"பையா? கடையில சேலை போட்டுக் குடுக்கிற கட்டைப் பையா?" என்றார் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்க. சாயந்திரம் அவங்க வராங்க."

அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கேதான் இருந்தேன். அண்ணி போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டிருந்தார். அதில் பேசிய பெண்ணின் சமையலறைச் சுவரில் ஓர் எண்ணெய்ப் பொட்டுகூட இல்லை. அங்கே யாரும் சமைத்ததற்கு அத்தாட்சியும் இல்லை. அவள் சொன்னபடி அண்ணி பிஸ்கட்டை நொறுக்கி, வெண்ணெய் உருக்கி ஊற்றித் தட்டில் அழுத்தினார். மேலே, டின் பாலைப் பழுப்பாகும்வரை காய்ச்சிய டாஃபி. திரட்டுப்பாலை அடுப்பில் மறந்தால் இதுதான் கிடைக்கும். அதன்மேல் வாழைப்பழ வில்லைகள், அதற்கும் மேல் நுரைக்க அடித்த கிரீம். பிஸ்கட், பால், பழம், பாலேடு. காய்ச்சல்காரனுக்குத் தனித்தனியாகக் கொடுப்பதை அடுக்கிவைத்தால் விருந்தாகிவிடும் போலிருக்கிறது.

பாத்திரத்தில் ஒட்டியிருந்த டாஃபியை வழிக்கப் போனேன். அண்ணி கையைத் தட்டிவிட்டார்.

"சாமிக்கு வெக்காம நாக்குல படக்கூடாது தம்பி. முதல் போணி."

புதுத் தறியில் இறங்கும் முதல் சேலையைச் சாமி முன்னால் வைத்த பிறகே பிரித்துப் பார்க்கும் வீடு அது. பைக்கு மட்டும் விதிவிலக்கு ஏன்? அலமாரியைவிடச் சற்றே பெரிய பூஜையறையில் அதை வைத்து, கற்பூரம் கொளுத்தி, சுடர் அணையாதிருக்கக் கதவையும் சாத்தினார். கிரீம் பக்கத்தில் இருப்பதன் வாசனையை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். பிரிட்ஜில் வெங்காயம் வைத்தவர்களுக்கு இது தெரியும். அண்ணிக்கு அன்று தோன்றவில்லை.

வெளியே எடுத்துவந்ததும் அண்ணன் குனிந்து முகர்ந்தார்.

"இன்னாம்மா, கோயில் வாசனை அடிக்குது?"

அண்ணியும் முகர்ந்தார். வேறு செய்ய நேரமில்லை. வாசலில் கார் நின்றுவிட்டது.

வந்தவர் ஒரு கரண்டி வாயில் போட்டுக் கண்ணை மூடினார். அண்ணி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு ஓவனைப் பார்த்தார். அண்ணனும் அதையேதான் பார்த்தார், வேறு கணக்கில்.

"அப்பிடியே லண்டன்ல சாப்ட்ட மாதிரியே இருக்குதும்மா," என்றார் அந்த அம்மாள். "அந்த வாசனை பாரு. இந்த ஊர்ல எவனுக்கும் இது வராது. இன்னா எசன்ஸு?"

"அது வெளிய சொல்றதில்லக்கா," என்றார் அண்ணி, கண் இமைக்காமல்.

கொடுத்த துண்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நிச்சயதார்த்தத்துக்கு இதையே செய்துவிடச் சொல்லிப் போனார். உலகம் சுற்றிய நாக்கு, பூஜையறை வரைக்கும் போனதில்லை போலும்.

மிச்சத்தை நாங்கள் சாப்பிட்டோம். தீபாராதனைத் தட்டை நக்கியதுபோல இருந்தது. அண்ணன் இரண்டாவது வாய் வைக்கவில்லை. ஓவனைப் பற்றியும் பேசவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் போயிருந்தேன். தறிக்கூடம் முழுக்கப் பைகள். சாமிக்கு வைப்பதானால் வைக்கட்டும், கற்பூரத்தையாவது விட்டுவிடலாமே என்றேன்.

"அப்புறம் லண்டன் டேஸ்ட் வராது தம்பி," என்றார் அண்ணி, கற்பூர டப்பாவைத் திறந்துகொண்டே.