நாலாம் ஸ்தலம்

நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் ரோமன் நம்பர் ஒன்றிலிருந்து பதினான்கு வரை நன்றாக வரும். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

மயிலாப்பூரில் கடல் பக்கமாக ஒரு சின்ன மாதா கோயில். அதன் பின்புறம், மணிக்கூண்டை ஒட்டி ஓர் அறை. எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் அதில்தான் இருந்தோம். அம்மா கோயிலைப் பெருக்கித் துடைப்பாள். சம்பளம் கொஞ்சம்தான், அறைக்கு வாடகை இல்லை. அப்பா இல்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது அவர் வேலை. கோபாலபுரம் பங்களாக்களில் கூப்பிட்டால் போவார். கூப்பிடாத நாளில் அறை வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைக் கேலி பேசுவார்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மாமா கோயில் பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடித்தார். அது காயவில்லை. பூசை முடிந்து ஜனங்கள் எழுந்தபோது புதுச்சேலைகள் எழுந்திருக்கவில்லை. சாமியார் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் புதிதாக வந்தவர், கண்டிப்பானவர்.

“இதான் கடைசி. உன் தம்பியால இன்னொரு குறைன்னு யாராவது வந்து சொன்னா, ரூமைக் காலி பண்ணிடணும்” என்றார்.

அம்மா திரும்பி வந்து மாமாவிடம் அதைச் சொன்னாள். அன்று மாமா யாரையும் கேலி பேசவில்லை.

தவக்காலம் நெருங்கியது. கோயில் உள்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சாமியார் வெளியாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உபதேசியார் போய் நின்று பேசி, வேலையை மாமாவுக்கே வாங்கித் தந்தார்.

உபதேசியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாமியார்கள் வருவார்கள், மாறிப் போவார்கள். உபதேசியார் மாறமாட்டார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பார், ஞானஸ்நானச் சீட்டு எழுதுவார், சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார். எங்கள் உபதேசியார் வயதானவர், ஒல்லி. பெண்சாதி பிள்ளை இல்லை. தவக்காலத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் சிலுவைப்பாதை படிப்பவர் அவர்தான். நான் பிறப்பதற்கு முன்பே அவர்தான் படித்தார். புத்தகத்தைக் கையில் விரித்து வைத்திருப்பார், அதைப் பார்க்கமாட்டார். எல்லாம் மனப்பாடம். அந்த வெள்ளிக்கிழமைகளுக்காகத்தான் மனுஷன் வருஷம் பூராவும் உயிரோடு இருக்கிறார் என்று அம்மா சொல்வாள்.

சிலுவைப்பாதைக்குப் பதினான்கு படங்கள் உண்டு. இயேசுவுக்குத் தீர்ப்பு சொன்னது முதல் அவரைக் கல்லறையில் வைத்தது வரை. இந்தச் சுவரில் ஏழு, எதிர்ச்சுவரில் ஏழு. ஒவ்வொன்றையும் ஸ்தலம் என்போம். உபதேசியார் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று படிப்பார், ஜனங்கள் முழங்கால் போட்டுப் பதில் சொல்வார்கள். படங்களின் மேல்சட்டத்தில் ஒரு சின்ன மரத்துண்டு. அதில் ரோமன் நம்பர்.

மாமா படங்களை வரிசை தவறாமல் இறக்கி, வரிசையாகவே அடுக்கி வைத்துவிட்டுத்தான் சுண்ணாம்பைக் கரைத்தார். சுவர் நன்றாக வந்தது. குறை சொல்ல இடமில்லை. வியாழக்கிழமை மத்தியானம் படங்களை எடுக்கப் போனார். அங்கே படங்கள் இல்லை.

அம்மா எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுபோய், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, நிழல் கிடைத்த இடத்தில் எல்லாம் சாய்த்து வைத்திருந்தாள்.

“இன்னாக்கா இது. வரிசையா வச்சிருந்தேனே.”

“மெழுகுவத்திப் புகை அப்பிக் கெடந்துது. தொடச்சேன். எப்டி பளபளன்னு கீது பாரு.”

“பளபளன்னுதான் கீது. எது எங்க மாட்டறதுன்னு சொல்லு.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “மொதல்ல பிலாத்து கை கழுவுறது. கடைசில கல்லறை. நடுவுல மூணு தபா கீழ வுழுவாரு.”

“இது எத்தினியாவது தபான்னு கையில எழுதி வச்சிக்கினா வுழுறாரு?”

“வாயக் கழுவுடா.”

இருவருக்கும் படிக்கத் தெரியாது. உபதேசியாரைக் கேட்டுவிடலாம் என்றாள் அம்மா. மாமா ஒப்பவில்லை.

“அந்த ஆளு இப்பத்தான் எனக்கோசரம் போய் நின்னாரு. ஒரு வாரம்கூட ஆவல. அதுக்குள்ள இதையும் கொண்டுபோய் அவரு தலையில வெக்கச் சொல்றியா?”

அப்போது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியும் என்றேன்.

பொய் இல்லை. பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு பெரிய சுவர்க்கடிகாரம் இருந்தது. அதில் இதே நம்பர்கள்தான். யாரும் சொல்லித் தரவில்லை, மேலிருந்து சுற்றி எண்ணி நானே கற்றுக்கொண்டேன். ஒன்றுக்கு ஒரு குச்சி. நாலுக்கு நாலு குச்சி. ஐந்துக்குக் கூரை. ஆறுக்கு முதலில் குச்சி, பிறகு கூரை. பத்துக்குப் பெருக்கல் குறி. அது பன்னிரண்டோடு நின்றுவிடும். அதனால் என்ன, அதற்கு மேல் இரண்டுதான்.

“நெசமா தெரியுமாடி?” என்றார் மாமா.

“தெரியும் மாமா.”

“தப்பா சொன்னே, பீச்சுலதான் குடித்தனம். பாத்துக்க.”

நான் கீழே நின்று நம்பர் சொல்ல, மாமா ஏணியில் நின்று மாட்டினார். மூன்று வரை தடங்கல் இல்லை. நாலு குச்சி போட்ட படம் கிடைக்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்று அந்த ஆணியை விட்டுவிட்டு ஐந்தை எடுத்தேன். கூரை கவிழ்ந்து கிடந்தது. எழுதியவன் தலைகீழாக எழுதிவிட்டான் என்று அவனை மன்னித்தேன். முதலில் குச்சி, பிறகு கூரை இருந்ததை ஆறு என்றேன். மற்றவை எல்லாம் சரியாக வந்தன, கடைசி கல்லறை என்று அம்மாவே சொல்லியிருந்தாள். கடைசியில் ஒரு படம் மிச்சம், ஓர் ஆணி மிச்சம். அப்படியானால் அதுதான் நாலு.

நாலுக்கு நாலு குச்சி போடுவது கடிகாரத்தில் மட்டும்தான் என்பதும், அதில் கீழ்ப்பக்கத்து நம்பர்கள் எல்லாம் தலைகீழாக நிற்கும் என்பதும், அதனால் நான் படித்து வைத்திருந்த ஆறு உண்மையில் நாலு என்பதும் எனக்குத் தெரியாது. நாலையும் ஆறையும் இடம் மாற்றி மாட்டியிருந்தோம். இரண்டு படத்திலும் இயேசு சிலுவையோடு நிற்கிறார், எதிரில் ஒரு பெண் நிற்கிறாள். நாலில் இருப்பவள் அவருடைய தாய். ஆறில் இருப்பவள் வெரோணிக்காள், அவர் முகத்தைத் துடைத்தவள். அவள் கையில் துணி இருக்கும்.

மாமா இறங்கி வந்து என் தலையில் கை வைத்து ஆட்டினார். அம்மா அன்று எனக்கு ஒரு முட்டை அதிகம் வைத்தாள்.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. வெள்ளைச் சுவரில் துடைத்த படங்களைப் பார்த்து ஜனங்கள் ஆச்சரியப்பட்டுப் பேசினார்கள். சாமியார் பீடத்தின் அருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் திருப்தியாகவே இருந்தது. அம்மாவும் மாமாவும் கடைசியில், வாசல் ஓரம். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் சிறுபிள்ளைகளோடு முன்னால், தரையில்.

ஒன்று, இரண்டு, மூன்று முடிந்தது. உபதேசியார் நாலாம் படத்தின் முன் போய் நின்றார். இரண்டு பக்கமும் பையன்கள் மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்தார்கள். படம் பளிச்சென்று தெரிந்தது. அவர் வாயைத் திறந்து, மூடினார். படத்தைப் பார்த்தார். மேலே நம்பரைப் பார்த்தார். பிறகு ஜனங்களைத் தாண்டி வாசல் பக்கம் பார்த்தார். ஒரு தடவை இருமினார். கையிலிருந்த புத்தகத்தில் பக்கங்களைப் புரட்டினார். அவர் புத்தகத்தைப் புரட்டி நான் பார்த்தது அன்றுதான்.

“நாலாம் ஸ்தலம். வெரோணிக்காள் இயேசுவின் திருமுகத்தைத் துடைக்கிறாள்.”

கூட்டத்தில் சலசலப்பு. வருஷா வருஷம் கேட்டவர்கள், அவர்களுக்கும் அது மனப்பாடம். சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். உபதேசியார் நிறுத்தவில்லை, முழுதாகப் படித்து முடித்தார். ஆறாம் படத்தின் முன் போய், இயேசு தம் தாயைச் சந்திப்பதைப் படித்தார். எனக்குப் பின்னால் ஒரு டீச்சர் பக்கத்துப் பெண்ணிடம், “பாவம், தாத்தாவுக்குப் புத்தி தடுமாறிடுச்சு” என்றார். அந்தப் பெண் முக்காட்டுக்குள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

முடிந்ததும் சாமியார் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். “என்ன உபதேசியாரே, தாயைச் சந்திக்கிறதுக்கு முன்னாடியே வெரோணிக்காள் வந்துட்டாளே?”

“வயசாச்சு சாமி. பக்கம் மாறிப்போச்சு.”

“படிக்கிறப்போ கவனம் வேணாமா?”

“வேணும் சாமி” என்றார் உபதேசியார்.

வீட்டில் நான் அவர் இருமியதையும் பக்கம் புரட்டியதையும் செய்து காட்டினேன். நன்றாகவே செய்தேன். வழக்கமாக இதற்கெல்லாம் முதலில் சிரிப்பவர் மாமா. அன்று சிரிக்கவில்லை. அம்மா, “போதும், சாப்புடு” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட சார் ஒருவர் சிலுவைப்பாதை படித்தார். இனி அவர்தான் என்று சாமியார் அறிவித்தார். சார் வேகமாகப் படித்தார். நாலில் தாய் வந்தாள், ஆறில் வெரோணிக்காள் வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. படங்களை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு தடவை சரியாக முடித்த வேலையைத் திரும்பப் பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. சீக்கிரம் முடிந்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம்.

எனக்குக் கல்யாணமான பிறகு, அம்மாவுக்கு இடுப்பு போனதும், கோயில் வேலை எனக்கு வந்தது. டியூப்லைட் போட வயர் இழுத்தபோது படங்களை நானே இறக்கினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் சாதாரண நம்பர் எழுதியிருந்தது, ஒன்று முதல் பதினான்கு வரை. கையெழுத்து எனக்குத் தெரியும். என் ஞானஸ்நானச் சீட்டில் இருப்பது அதே கையெழுத்து. நாலை எடுத்து முன்பக்கம் திருப்பினேன். முதலில் குச்சி. பிறகு கூரை. ஆறை எடுத்துத் திருப்பினேன். அதில் கூரைதான் முதலில்.

அம்மாவைக் கேட்டேன். அவள் சுருக்கமாகச் சொன்னாள். உபதேசியார் மாற்றிப் படித்ததற்கு மறுநாள், சனிக்கிழமை, நான் கடலோரம் விளையாடப் போயிருந்தபோது அவர் வந்தாராம். மாமாவை ஏணி பிடிக்கச் சொல்லி, தானே ஏறி இரண்டு படங்களையும் மாற்றினாராம். முதுகில் நம்பர் எழுதினாராம். மாமா அவர் காலில் விழப் போனபோது, “ஏணியை விட்டுடாதப்பா, நான் மேலே நிக்கிறேன்” என்றாராம். போகும்போது, பிள்ளையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், அது ஆசையாகக் கற்றுக்கொண்டது என்றாராம்.

அந்த அறையில் என் பிள்ளைகள் இரண்டும் பிறந்தன. மாமாவுக்கு அங்கிருந்துதான் கல்யாணம் ஆயிற்று. அம்மாவை அங்கிருந்துதான் தூக்கிப் போனோம். உபதேசியார் அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே போய்விட்டார். கல்லறைத் திருநாளன்று அவருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். வேறு என்ன செய்ய முடியும்.

சார் படித்த அந்த முதல் வெள்ளிக்கிழமை உபதேசியார் கடைசித் தூணின் அருகே முழங்காலில் இருந்தார். கையில் புத்தகம் இல்லை. ஜனங்களோடு சேர்ந்து பதில் சொன்னார். எல்லாரும் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஐயா, நம்பர் தெரியலைன்னா என்னைக் கேட்டிருக்கலாம்ல?”

அவர் என்னைப் பார்த்தார். “உனக்குத் தெரியுமாம்மா?”

“எல்லாம் தெரியும். சொல்லித் தரட்டுமா?”

“சொல்லிக் குடு.”

தரையில் விரலால் எழுதிக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலுக்கு நாலு குச்சி போட்டேன். ஆறுக்குக் குச்சியை முதலில் போட்டேன். அவர் குனிந்து கவனமாகப் பார்த்தார். பதினான்கு வந்ததும் தலையை ஆட்டினார்.

“இனிமே மறக்கக் கூடாது, ஐயா.”

“மறக்கமாட்டேன்” என்றார்.

எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்த வயதில் பாவம் இவருக்கு யார் சொல்லித் தருவார்கள், நல்லவேளை நான் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டே அவரைக் கேட் வரை கொண்டுபோய் விட்டேன்.